ஏசி கூலிங் இல்லையா? கேஸ் போடும் முன் அவுட்டோர் ஃபேனைப் பாருங்கள்

போன ஏப்ரலில் ஒரு நாள் மதியம் கொண்டலாம்பட்டியிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். கீழே தறிக்குடோன், மேலே வீடு. "தம்பி, ஏசியில வெறுங்காத்துதாங்க வருது. போன வாரம் ஒருத்தர் வந்து கேஸ் போயிடுச்சுன்னு போட்டுட்டுப் போனாரு. ராத்திரி நல்லா இருக்குது, மதியம் போட்டா மறுபடியும் அதே கதைதான்" என்றார்.

ராத்திரி ஓடுகிறது, மதியம் ஓடவில்லை என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது. கேஸ் கசிந்து போயிருந்தால் ராத்திரி பகல் பார்க்காது. அவுட்டோர் பெட்டி இருக்கும் மொட்டை மாடிக்கு ஏறினேன். கேஸை அழுத்தி ஓட்டும் கம்ப்ரஸர் உறுமுவது பத்தடி தூரத்திலேயே கேட்டது. கிரில்லுக்கு முன்னால் கை நீட்டினால் காற்றே இல்லை. உள்ளே ஃபேன் இறக்கை அசையாமல் நின்றது. நாலைந்து நிமிடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம், உறுமலும் நின்றுபோனது. சூடு தாங்காமல் கம்ப்ரஸரின் ஓவர்லோடு, அதாவது சூடு மீறினால் கரண்டை அறுக்கும் காப்பு, அதை நிறுத்தியிருக்கிறது. ஃபேனைச் சுற்ற வைக்கும் கெப்பாசிட்டரை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தேவையில்லாமல் ஏற்றி வைத்திருந்த கூடுதல் கேஸை எடுத்து அளவுக்குக் கொண்டுவரத்தான் மீதிச் சாயங்காலம் முழுக்கப் போனது.

ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிப்பு முடித்து 19 வருடமாகச் சேலத்தில் இந்த வேலைதான் செய்கிறேன். அப்பா அம்மாபேட்டையில் தறி ஓட்டியவர். ஒவ்வொரு கோடையிலும் இதே கதையை ஐந்தாறு வீடுகளிலாவது பார்த்துவிடுகிறேன். கூலிங் இல்லை என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது கேஸ்தான். உழைத்துச் சேர்த்த பணத்தை இப்படித் தேவையில்லாமல் கொடுப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் வீட்டில் இருப்பவர்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதை எழுதுகிறேன். எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த ஃபேன் எதற்கு

அறையில் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டுவதுதான் ஏசியின் வேலை. கொட்டுகிற இடம் அவுட்டோர் பெட்டியின் பின்பக்கமும் ஒரு பக்கவாட்டிலும் வளைந்து நிற்கும் காயில். அதற்குத்தான் கன்டென்சர் என்று பெயர். ஃபேன் பின்னாலிருந்து காற்றை இழுத்து, அந்தக் காயிலின் சூட்டை வாங்கி, முன்பக்கக் கிரில் வழியாகத் தள்ளுகிறது. ஃபேன் நின்றால் சூடு போக வழியில்லை. உள்ளே ப்ரஷர் ஏறிக்கொண்டே போகும், கம்ப்ரஸர் கரண்டை அதிகமாக இழுக்கும், ஓவர்லோடு அறுக்கும். ஆறியதும் மறுபடி ஓடும், மறுபடி அறுக்கும். ஒரு வாரம் இப்படியே விட்டால், கெப்பாசிட்டரோடு முடிய வேண்டிய வேலை கம்ப்ரஸர் வரைக்கும் போய்விடும்.

ஆகவே அவுட்டோரில் உறுமல் கேட்கிறது, காற்று வரவில்லை என்று தெரிந்ததும் ஏசியை நிறுத்திவிடுங்கள். "குழந்தை தூங்குதுங்க, இன்னும் அரை மணி நேரம் ஓடட்டும்" என்பார்கள். அந்த அரை மணி நேரம் வேண்டாம்.

முதலில் அது கோளாறுதானா என்று பாருங்கள்

ஃபேன் நிற்பதெல்லாம் கோளாறாக இருக்காது. அறை, நீங்கள் வைத்த டிகிரிக்கு வந்துவிட்டால் சாதா ஏசியில் கம்ப்ரஸரும் அவுட்டோர் ஃபேனும் சேர்ந்தே நின்றுவிடும். கரண்ட் போய் வந்தால் சுமார் மூன்று நிமிடம் கழித்துத்தான் அவுட்டோர் எடுக்கும். அது கம்ப்ரஸரைக் காப்பாற்ற வைத்த இடைவெளி. ரிமோட்டில் கை தவறி ஃபேன் மோடில் வைத்திருந்தால் அவுட்டோர் எத்தனை மணி நேரம் ஆனாலும் எடுக்காது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

கூல் மோடில் 18 டிகிரி வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து, அவுட்டோருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். எதையும் தொட வேண்டாம். காது கொடுத்துக் கேளுங்கள், கிரில்லுக்கு ஓரடி முன்னால் உள்ளங்கையைக் காட்டுங்கள்.

உறுமல் இருந்து காற்று இல்லை என்றால் ஃபேன் பக்கம்தான் கோளாறு. ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வரும் காற்றில் சூடே இல்லை என்றால் கம்ப்ரஸர் ஓடவில்லை, அல்லது அப்போதுதான் கேஸைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டுமே இல்லை, பெட்டி மௌனமாக இருக்கிறது என்றால் அவுட்டோருக்குக் கரண்டே வரவில்லை. இன்டோர் போர்டு, நடுவில் ஓடும் கேபிள், ஸ்டெபிலைசர் என்று அங்கே தேட வேண்டும். அனல்காற்று நன்றாக வீசுகிறது, ஆனாலும் கூலிங் இல்லை என்றால் இன்டோர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அழுக்கு அடைத்திருந்தால் கழுவிப் போடுங்கள், நிறைய வீட்டில் அதோடு சரியாகிவிடும்.

மெக்கானிக் வந்ததும் ப்ரஷர் அளக்கும் கேஜை மாட்டிக் காட்டினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அவுட்டோர் ஃபேன் நின்றிருக்கும்போது ப்ரஷர் ஏறித்தான் காட்டும், இறங்கிக் காட்டாது. அந்த நிலையில் கேஸ் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், "முதல்ல ஃபேன் ஓடட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

தூசு, பஞ்சு, கூடு

சேலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு தூசு. செட்டிச்சாவடி, மாமாங்கம் பக்கம் வெள்ளைக்கல் தூசு மாவு மாதிரிப் படியும். அம்மாபேட்டை, குகை, கொண்டலாம்பட்டியில் தறிப் பஞ்சு. நெடுஞ்சாலை ஓரம் லாரிப் புகையோடு சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு. இதில் அவுட்டோருக்கு மிகவும் கெடுதல் செய்வது பஞ்சுதான் என்று சொல்வேன், ஏனென்றால் அது படிவதோடு நிற்காது, பின்னிக்கொள்ளும். காயிலின் தகடுகளுக்கு வெளியே ஒரு போர்வை போர்த்தின மாதிரி ஆகிவிடும். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பின்பக்கம் எட்டிப் பார்த்தால்தான் தெரியும். காற்று போக வழியில்லாமல் ஃபேன் மோட்டாரும் சூடாகி, சூடு மீறினால் கரண்டை அறுக்க அதனுள்ளே இருக்கும் வெப்பக் காப்பு அறுத்து, ஃபேன் நின்றுபோகும். ஒரு மணி நேரம் ஆறினால் மறுபடி ஓடும். மோட்டார் போய்விட்டது என்று புது மோட்டார் மாட்டியும், பஞ்சை எடுக்காததால் அந்தப் புதுசும் அதே மாதிரி நின்ற வீடுகள் எனக்குத் தெரியும்.

பஞ்சு படிந்த காயிலில் எடுத்தவுடன் தண்ணீர் அடிக்காதீர்கள். இதைத்தான் நிறையப் பேர் தவறாகச் செய்கிறார்கள். நனைந்த பஞ்சு அமுங்கி, திரியாகி, தகடுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு எடுக்கவே வராது. முதலில் எம்சிபியை, அதாவது மெயின் போர்டில் ஏசிக்கென்று இருக்கும் பிரேக்கரை, இறக்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. மென்மையான, நீளமான முடி கொண்ட ஒரு பிரஷ்ஷை எடுத்து, தகடுகள் ஓடும் திசையிலேயே, அதாவது மேலிருந்து கீழாக, உலர்வாக வழித்து எடுங்கள். குறுக்கே தேய்த்தால் அலுமினியத் தகடு மடங்கும். என் அப்பா தறியில் பஞ்சைத் தட்டி எடுக்க வைத்திருந்த மாதிரி ஒரு பிரஷ்தான் என் பையில் இன்றைக்கும் இருக்கிறது. பஞ்சு முழுக்க வந்த பிறகு, மீதி மண்ணைப் போக்க ஹோஸ் தண்ணீரை மெதுவாக விடலாம். பைக் கழுவும் பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு சாய்ந்துவிடும். மின்சார இணைப்புகள் இருக்கும் மூடிப் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே எம்சிபியை ஏற்றுங்கள்.

ஜவ்வரிசி ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்கும் உலர்ந்த பிரஷ்தான் முதலில். மாவுத் தூசில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அணில், புறா, குளவி மூன்றும் அவுட்டோரைத் தேடி வரும். அணில் தேங்காய் நாரை உள்ளே திணித்து ஃபேன் இறக்கையையே கட்டிப்போட்டிருக்கும். கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும். குஞ்சு இருந்தால் ஏசியை நிறுத்தி, குஞ்சு வெளியேறும்வரை பொறுங்கள் என்றுதான் சொல்வேன். அதுவரை டேபிள் ஃபேனில் சமாளித்த வீட்டுக்காரர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அவுட்டோரைச் சுற்றி இடம் விடுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருட்டுக்குப் பயந்து கூண்டு அடிக்கிறார்கள், வெயிலுக்காகத் தகரம் போடுகிறார்கள். கூண்டுக் கம்பி நெருக்கமாக இருந்தாலோ தகரம் முன்பக்கம் தொங்கினாலோ, வெளியே தள்ளிய அனலையே ஃபேன் திரும்ப இழுத்துக்கொள்ளும். பின்னால் சுவருக்கும் பெட்டிக்கும் ஒரு சாண் அளவாவது இருக்கட்டும். முன்னால் மூன்றடிக்குக் குறையாமல் திறந்த வெளி வேண்டும். நிழல் வேண்டுமென்றால் பெட்டிக்கு நன்றாக மேலே, முன்பக்கம் மறைக்காமல் போடுங்கள்.

கெப்பாசிட்டர்

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரிகல் கடைக்குப் போய் "ஒரு கண்டென்சர் குடுங்க" என்போம் இல்லையா, அதேதான் இது. ஏசியில் கன்டென்சர் என்றால் காயிலைக் குறிக்கும் என்பதால், குழப்பம் வராமல் கெப்பாசிட்டர் என்றே கேளுங்கள். இன்வெர்ட்டர் இல்லாத சாதா ஸ்ப்ளிட் ஏசியில் ஃபேன் நிற்பதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

ஃபேன் மோட்டாருக்குத் தானாகச் சுற்ற ஒரு உந்து வேண்டும், கூடவே ஓடும் நேரமெல்லாம் ஒரு துணை வேண்டும். இரண்டையும் தருவது இந்தச் சின்னப் பெட்டி. மொட்டை மாடி வெயிலில் பெட்டிக்குள் வேகும் சூட்டில் இது வருடத்துக்கு வருடம் தளர்ந்துகொண்டே வரும். முதலில் ஃபேன் வேகம் குறையும். பிறகு இரவின் குளிர்ச்சியில் எடுத்து, மதிய வெயிலில் எடுக்காமல் நிற்கும். கொண்டலாம்பட்டி அக்கா வீட்டில் நடந்தது அதுதான். கடைசியில் ஒரேயடியாக நின்று, 'ம்ம்ம்' என்ற மோட்டார் முனகல் மட்டும் கேட்கும்.

கம்ப்ரஸருக்கு ஒரு பெரிய உருளை இருக்கும், பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரோஃபேரட் வரை. ஃபேனுக்கு இருப்பது சிறியது, 2 அல்லது 2.5, சிலவற்றில் 4 அளவில் வரும். சில யூனிட்டில் இரண்டும் ஒரே உருளையில் இருக்கும். மேலே வீங்கியிருந்தால், எண்ணெய் கசிந்திருந்தால் கேள்வியே இல்லை, மாற்றிவிட வேண்டும். ஆனால் ஃபேனுக்கு வரும் சதுர பிளாஸ்டிக் வகை வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே செத்திருக்கும். அதனால் மீட்டரில் அளந்துதான் முடிவு சொல்ல வேண்டும். மேலே 2.5 என்று போட்டிருந்தால் 2.4 முதல் 2.6 வரை காட்டலாம். 2.2-க்குக் கீழே காட்டினால் நான் மாற்றிவிடுவேன்.

இதைத் திறந்து பார்க்கும் வேலை மின்சாரம் தெரிந்தவருடையது. கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும், தொட்டால் தூக்கி அடிக்கும். ஸ்க்ரூ டிரைவரை இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்க இறக்குவதை என்னோடு படித்தவர்கள் பலரும் செய்தார்கள், நானும் ஆரம்பத்தில் அப்படிக் கற்றுக்கொண்டவன்தான். இப்போது செய்வதில்லை. ஒரு குண்டு பல்பு ஹோல்டரின் இரண்டு வயரையும் முனைகளில் வைத்து இறக்குகிறேன், பிறகு மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வரும் பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால், வயது பார்க்காமல் தடுத்துச் சொல்லுங்கள். அவன் கண்ணும் கையும் அவன் குடும்பத்துக்கு வேண்டும்.

புதிது வாங்கும்போது பழையதில் உள்ள அதே மைக்ரோஃபேரட் அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், பொதுவாக 440 வோல்ட். "கொஞ்சம் பெரிசாப் போட்டா ஃபேன் நல்லா இழுக்கும்" என்று கடையிலேயே சொல்வார்கள். வேண்டாம். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, அதாவது வைண்டிங், சூடாகி சீக்கிரம் எரியும்.

குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டால் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும், அப்படியானால் கெப்பாசிட்டர்தான் என்பது பலருக்குத் தெரிந்த சோதனை. கணக்கு சரிதான். ஆனால் வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். கிரில்லைக் கழற்றிவிட்டு இதைச் செய்து, விரல் நகத்தோடு போன ஒருவருக்கு நானே துணியைச் சுற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறேன்.

மோட்டாரும் வோல்டேஜும்

எம்சிபியை இறக்கி, பத்து நிமிடம் பொறுத்து, கிரில் இடைவெளியில் ஒரு மெல்லிய குச்சியை விட்டு இறக்கையை லேசாகத் தள்ளிப் பாருங்கள். கரண்ட் இல்லாமல் செய்யும் இந்தச் சோதனையில் ஆபத்து இல்லை. வழுக்கிக்கொண்டு இரண்டு மூன்று சுற்று தானாகப் போனால் பேரிங் நன்றாக இருக்கிறது. கரகரவென்று சொரசொரத்தால், அல்லது தள்ளிய இடத்திலேயே நின்றால், பேரிங் அல்லது புஷ் இறுகிவிட்டது. பழைய மோட்டாரில் எண்ணெய் விட்டு ஒரு சீசன் ஓட்டலாம், ஆனால் அதை நம்பி மே மாதத்தைக் கடக்க முடியாது.

வைண்டிங்கைச் சோதிக்க மெக்கானிக் மோட்டாரின் ரன், ஸ்டார்ட், காமன் என்ற மூன்று வயருக்கும் நடுவே மீட்டரில் ஓம்ஸ் பார்ப்பார். ரன், ஸ்டார்ட் இரண்டுக்கும் இடையே வரும் அளவு, காமனிலிருந்து அந்த இரண்டுக்கும் வரும் அளவுகளின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது பார்த்து 'ஓபன்', அதாவது கம்பி அறுந்துவிட்டது, என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஆறவிட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வெப்பக் காப்பு அறுந்து நிற்கும் நல்ல மோட்டாரும் சூட்டில் ஓபன் என்றுதான் காட்டும்.

மோட்டார் மாற்றினால், ரீவைண்டிங் செய்து மாட்டினால், போகும் முன் கிரில்லுக்கு முன்னால் ஒரு நூலைப் பிடித்துப் பாருங்கள். நூல் உங்கள் பக்கம் பறக்க வேண்டும். கிரில் பக்கம் ஒட்டினால் ஃபேன் எதிர்த்திசையில் சுற்றுகிறது, வயர் மாறியிருக்கிறது.

தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும் நேரத்தில் சில தெருக்களில் வோல்டேஜ் இறங்கும். 180, 190 என்று ஸ்டெபிலைசரில் காட்டினால் நல்ல மோட்டாரும் எடுக்கத் திணறும். அந்த நேரத்தில் மட்டும் ஃபேன் எடுக்கவில்லை என்றால், எந்த நேரம், எத்தனை வோல்ட் என்று இரண்டு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

மழை தொடங்கும் காலத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை பல்லியும் எறும்பும். வெதுவெதுப்புக்காகப் பல்லி போர்டுக்குள் போய், இரண்டு முனையைத் தொட்டு, தானும் செத்து போர்டையும் கொன்றுவிடும். எறும்பு, போர்டில் ஸ்விட்ச் மாதிரி வேலை செய்யும் ரிலேயின் முனைகளுக்கு நடுவே நசுங்கி, ஃபேனுக்குக் கரண்ட் போகாமல் தடுக்கும். கேபிள் நுழையும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்துவிட்டால் இதில் பெரும்பகுதி தீரும்.

இன்வெர்ட்டர் ஏசி

இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் ஃபேன் வேகம் மாறி மாறித்தான் ஓடும். நள்ளிரவில் தடவித் தடவிச் சுற்றினால் பயப்பட வேண்டாம். இதில் பெரும்பாலும் இருப்பது டிசி மோட்டார். மேலே சொன்ன கெப்பாசிட்டர் கதை இதற்குப் பொருந்தாது. போர்டிலிருந்து ஐந்து வயர் வரும், அதில் ஒன்றில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். கரண்டை நிறுத்திய பின்னும் போர்டில் அந்த மின்சாரம் சில நிமிடங்கள் தங்கும். மூடியைத் திறக்கவே வேண்டாம் என்று வீட்டுக்காரர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இன்டோரில் மின்னும் எரர் கோடைப் போட்டோ எடுத்து வைப்பது. லைட் மின்னினால் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். பிறகு எம்சிபியை இறக்கிப் பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி அதே கோடு வந்தால் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: "போர்டு மட்டுமா, மோட்டாரும் பார்த்தீங்களா?" மோட்டார் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால், புதுப் போர்டு மாட்டிய அன்றே அதுவும் எரியும். கரண்ட் இருக்கும்போது மோட்டார் பிளக்கைப் பிடுங்கி மாட்டுவதும் அதே விளைவைத் தரும். அவசரத்தில் இதைச் செய்த புதுப் பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் ஹாட் அண்ட் கோல்ட்

ஒரு ஜனவரி காலை நாகலூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். ஹீட்டிங்கும் கூலிங்கும் இரண்டும் உள்ள ஏசி. "தம்பி, ஃபேன் நின்னுடுச்சு, பெட்டியிலருந்து புகையா வருது, அம்மா பயந்துட்டாங்க" என்றார். அணைத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். போய் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்த்தது புகை இல்லை, நீராவி.

ஹீட்டிங்கில் ஏசி வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. வெளியிலிருந்து சூட்டை எடுத்து உள்ளே கொடுக்கிறது. அதனால் அவுட்டோர் காயில் குளிர்ந்து, மலைப் பனியின் ஈரம் அதன்மேல் உறையும். அந்த உறைபனியைக் கரைக்க, இயந்திரம் தானே கொஞ்ச நேரம் அவுட்டோர் ஃபேனை நிறுத்தி, சூடான கேஸைக் காயிலுக்கு அனுப்பும். 'புஸ்' என்று ஒரு சத்தம், பிறகு ஆவி, கீழே தண்ணீர். பத்து நிமிடத்துக்குள் ஃபேன் திரும்ப எடுக்கும். இது நல்ல இயந்திரம் செய்யும் வேலை. அதே போல ஹீட்டிங்கில் அவுட்டோரிலிருந்து சில்லென்று காற்று வருவதும் சரிதான்.

ஆனால் அவர் வீட்டில் காயிலின் பின்பக்கம் சில்வர் ஓக் இலைகள் அடைத்துப் பாசி பிடித்திருந்தது. காற்று குறைந்த காயில் இன்னும் அதிகமாகக் குளிர்ந்து, உறைய வேண்டாத நாளிலும் உறையும். இலையை எடுத்ததும் அந்த அளவு ஆவி திரும்ப வரவில்லை. அரை மணி நேரம் ஆகியும் ஃபேன் எடுக்காமல், காயில் முழுக்க வெள்ளையாக உறைந்தே நின்றால்தான் அது கோளாறு. கத்தியால் சுரண்டவோ கொதிதண்ணீர் ஊற்றவோ கூடாது. தகட்டுக்குப் பின்னால் ஓடும் குழாயில் ஓட்டை விழுந்தால் அப்போதுதான் உண்மையாகவே கேஸ் போகும். நிறுத்தி வைத்தால் தானே கரையும்.

மலையில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. தார்ப்பாய் போட்டு அவுட்டோரை மூடிவிட்டு இறங்கிப் போகிறார்கள். கோடை விழாச் சமயத்தில் விருந்தினர் வந்து, மேலே மூடியிருப்பது தெரியாமல் உள்ளே ரிமோட்டை அழுத்துகிறார்கள். மூடினால் எம்சிபியையும் இறக்கி, அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் மாதக்கணக்கில் நின்ற மோட்டார் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஓடவிடும் முன் மேலே சொன்ன குச்சிச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

சத்தம் பற்றிச் சுருக்கமாக. தடதடவென்றால் ஸ்டாண்டின் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அடி ரப்பர் போயிருக்கும். சீரான இடைவெளியில் 'டக் டக்' என்றால் இறக்கை எதிலோ உரசுகிறது, விரிசல் விட்டிருக்கலாம். உடைந்த இறக்கையோடு ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம், ஆட்டத்தில் மோட்டார் தண்டே வளையும். 'கீச்' என்று நீளமாகக் கத்தினால் பேரிங். இறக்கையைக் கழற்றும் நட்டு சில யூனிட்டில் எதிர்மரையாக இருக்கும், வலுக்கட்டாயமாகத் திருகக் கூடாது.

சன்ஷேடில் நின்று எட்டிப் பார்க்கும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். நாங்கள் கயிறு கட்டிக்கொண்டு இறங்கும் இடம் அது. கயிறு இல்லாமல் எங்களையும் இறங்கச் சொல்லாதீர்கள்.

கொண்டலாம்பட்டி அக்காவுக்கு அன்று கெப்பாசிட்டர் மாற்றியதோடு, பின்பக்கத்துப் பஞ்சை எப்படி வழிப்பது என்றும் காட்டிவிட்டு வந்தேன். தறி நிற்கும் நாளில் எம்சிபியை இறக்கி, பிரஷ்ஷால் வழித்துவிடுகிறார். இந்த வருடம் மார்ச்சில் அவரே மறுபடி கூப்பிட்டார். "தம்பி, மாடிக்குப் போய்ப் பார்த்துட்டேங்க. ஃபேன் நல்லாச் சுத்துது, பஞ்சு இல்லை, ஆனா காத்துல அனலே இல்லை. குழாய் சேர்ற எடத்துல எண்ணெய் மாதிரி கசிஞ்சிருக்குது. இந்தத் தடவை கேஸாத்தான் இருக்குங்களா?"

கேஸ்தான். கசிவு பார்க்க நைட்ரஜனும், குழாய்க்குள் இருக்கும் காற்றை இழுக்க வேக்கம் பம்ப்பும், கேஸை எடைபோட்டு ஏற்ற எடை மெஷினும் முதல் தடவையிலேயே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.